கல்யாண ஜவுளியைவிடக் கஷ்டமா? ஸ்காட்டிஷ் பைப் பேண்டுக்கு யூனிஃபார்ம் எடுப்பதில் இவ்வளவு இருக்கு!

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 'கிளாஸ்கோ கிரீன்' என்று ஒரு பெரிய பூங்கா. 1986 முதல் உலக பைப் பேண்டு சாம்பியன்ஷிப் இங்கேதான் நடக்கிறது. ஒவ்வோர் ஆகஸ்ட்டிலும் பல நாடுகளில் இருந்து பேண்டுகள் வந்து இறங்கும். கட்டம் போட்ட கில்ட், முழங்கால் வரை சாக்ஸ், பின்னால் ரிப்பன் தொங்கும் தொப்பி, தோளில் பேக்பைப். தூரத்தில் இருந்து பார்த்தால் எல்லா பேண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

"எல்லாரும் ஒரே டிரெஸ்தானே, இதுல தேர்ந்தெடுக்க என்ன இருக்கு?" என்று தோன்றலாம். ஆனால், ஒரு பைப் பேண்டு சீருடையை மாற்ற முடிவெடுத்தால், அது பல வருடங்களுக்கு அந்தக் குழுவின் கையிருப்பைக் கட்டிப்போடும் முடிவு. தப்பாகிவிட்டால் அடுத்த வருடம் வேறு வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்படி என்ன சிக்கல்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம். வசதிக்காக ஒரு கற்பனை பேண்டை எடுத்துக்கொள்வோம். சின்ன ஊர், 30 பேர். பகலில் வேலை, படிப்பு. வாரத்தில் இரண்டு நாள் மாலை பயிற்சி. யாருக்கும் சம்பளம் கிடையாது. பழைய சீருடை நைந்துவிட்டது. இப்போது புதுசு எடுக்க வேண்டும்.

டிரெஸ்ஸுக்கு மார்க் உண்டா?

கிடையாது. ராயல் ஸ்காட்டிஷ் பைப் பேண்டு சங்கத்தின் போட்டிகளில் வழக்கமாக நான்கு நடுவர்கள். இரண்டு பேர் பைப்பை மட்டும் கேட்பார்கள், ஒருவர் டிரம்மை, இன்னொருவர் மொத்தக் குழுவும் சேர்ந்து ஒலிப்பதை. நான்கு பேருமே மதிப்பெண் போடுவது இசைக்குத்தான்.

ஒரே விதிவிலக்கு, டிரம் மேஜர். பேண்டுக்கு முன்னால் நீளமான தடியைச் சுழற்றிக்கொண்டு நடப்பாரே, அவர்தான். டிரம் மேஜர்களுக்குத் தனிப் போட்டி உண்டு. அதில் உடையும் தோற்றமும் மதிப்பெண்ணில் சேரும்.

மார்க் இல்லை என்றால் ஏன் இவ்வளவு கவலை? ஊர்வலம், திருமணம், நினைவு நாள் நிகழ்ச்சி என்று பேண்டைக் கூப்பிடுபவர்கள் இசைக்காக மட்டும் கூப்பிடுவதில்லை. அந்தத் தோற்றத்துக்காகவும்தான். அந்த வருமானத்தில்தான் பேண்டே ஓடுகிறது.

முதல் கேள்வி: ஊர்வலமா, போட்டியா?

பைப் பேண்டு ராணுவத்தில் பிறந்த வடிவம். பிறகு காவல்துறை, சுரங்க ஊர்கள், பள்ளிகள் என்று பரவியது. கிளாஸ்கோ காவல்துறை பேண்டின் வேர் 1883-ல் தொடங்கிய கோவன் நகர போலீஸ் பேண்டில் இருக்கிறது. இப்படி வெளியே வந்த பேண்டுகள் ராணுவ உடையையும் கூடவே கொண்டுவந்தன.

அந்த முழு ராணுவ உடையை 'நம்பர் ஒன் டிரெஸ்' என்பார்கள். நெருப்புக்கோழி இறகுகளால் ஆன உயரமான தொப்பி, கனமான 'டப்லெட்' கோட், உடம்பைச் சுற்றித் தோளில் குத்திய டார்டன் போர்வை, குதிரை முடி தொங்கும் ஸ்போரான் பை, குறுக்கு பெல்ட், ஷூவுக்கு மேல் வெள்ளை 'ஸ்பேட்ஸ்'. பார்க்க ராஜா மாதிரி இருக்கும். போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் நிற்பவரைக் கேட்டால் வேறு கதை சொல்வார்.

இன்னொன்று பகல் உடை. 'கிளென்கேரி' எனும் படகு வடிவத் தொப்பி, சட்டை, டை, வேஸ்ட்கோட், கில்ட், சாக்ஸ், ஷூ. இன்றைக்குப் போட்டிக்குப் போகும் பேண்டுகளில் பெரும்பாலானவை இந்தப் பக்கம் வந்துவிட்டன. விலையும் குறைவு, வாசிக்கவும் வசதி.

நம் 30 பேர் பேண்டுக்கு இதுதான் முதல் முடிவு. இரண்டும் வேண்டும் என்றால் செலவும் இரண்டு மடங்கு. பல பேண்டுகள் எடுக்கும் நடுவழி: எல்லோருக்கும் பகல் உடை; முன்னால் போகும் டிரம் மேஜருக்கு மட்டும் முழு அலங்காரம்.

எந்த டார்டன்?

டார்டன் என்பது அந்தக் கட்டம் போட்ட துணி. நிறக் கோடுகள் எந்த வரிசையில், எத்தனை இழைக்கு ஒரு முறை வருகின்றன என்பதுதான் ஒரு டார்டனின் அடையாளம்.

ஒரு குடும்பக் குலத்துக்கு ஒரு டார்டன் என்பது ஆதிகாலத்து வழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த ஒழுங்கு 19-ஆம் நூற்றாண்டில்தான் வலுப்பெற்றது. 1746-ல் வந்த சட்டம் ஸ்காட்லாந்து மலைநாட்டு உடையையே தடை செய்தது. 1782-ல் தடை நீங்கியது. 1822-ல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, எழுத்தாளர் வால்டர் ஸ்காட் முன்னின்று நடத்திய வரவேற்பில் டார்டன் மறுபடியும் ஃபேஷன் ஆனது.

குலத்து டார்டன்களை வேறு யாரும் அணியக் கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஆனால், மரியாதைக்காகக் காக்கப்படும் எல்லைகள் உண்டு. 'பால்மோரல்' டார்டன் அரச குடும்பத்துக்கும் மன்னரின் பைப்பருக்கும் உரியது. ஒரு நிறுவனமோ பல்கலைக்கழகமோ தனக்கென்று வடிவமைத்த டார்டன் என்றால், அவர்களிடம் கேட்காமல் நெசவாலைகள் நெய்து தராது.

ஒரு பேண்டுக்கு மூன்று வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, கடையில் எப்போதும் கிடைக்கும் டார்டன். கரும்பச்சையும் நீலமும் கலந்த 'பிளாக் வாட்ச்', சிவப்பில் 'ராயல் ஸ்டூவர்ட்' போன்றவை. பல ஆலைகள் நெய்கின்றன. எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம்.

இரண்டாவது வழி, ஊரோடு அல்லது ஆதரவு தரும் அமைப்போடு தொடர்புள்ள டார்டன்.

மூன்றாவது வழி, பேண்டுக்கே சொந்தமாக ஒன்றை வடிவமைப்பது. 2008-ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவாகி 2009 முதல் இயங்கும் ஸ்காட்டிஷ் டார்டன் பதிவேட்டில் அதைப் பதிவும் செய்யலாம். கேட்கவே ஆசையாக இருக்கும். ஆனால், தனி டார்டன் என்றால் ஆலை தறியில் பாவு ஏற்றுவதே உங்களுக்காக மட்டும்தான். அதனால், குறைந்தபட்சம் இவ்வளவு நீளம் எடுக்க வேண்டும் என்பார்கள். 30 பேருக்கு மொத்தமாக எடுக்கும்போது சமாளித்துவிடலாம். மூன்று வருடம் கழித்து புதிதாகச் சேரும் இரண்டு பேருக்கு மட்டும் துணி வேண்டும் என்றால்? இங்கேதான் பேண்டுகள் மாட்டிக்கொள்கின்றன.

'ஏன்ஷியன்ட்' என்றால் பழசு இல்லை

துணி வாங்கும்போது இன்னொரு குழப்பம் காத்திருக்கும். ஒரே டார்டன் 'மாடர்ன்', 'ஏன்ஷியன்ட்', 'வெதர்டு' என்று பல சாயலில் கிடைக்கும். இது வயதைக் குறிக்கும் சொல் இல்லை; நிறத்தைக் குறிப்பது. மாடர்ன் என்றால் அடர்த்தியான நிறம். ஏன்ஷியன்ட் என்றால் வெயிலில் வெளுத்தது போன்ற மென்மையான நிறம். வெதர்டு என்றால் பழுப்பும் சாம்பலும் கலந்த சாயல்.

ஒரு ஆலையின் 'ஏன்ஷியன்ட்' பச்சையும் இன்னொரு ஆலையின் 'ஏன்ஷியன்ட்' பச்சையும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. ஒரே ஆலையிலும் சாயம் போட்ட தடவைக்குத் தடவை லேசாக மாறலாம். பட்டுப்புடவைக்கு ப்ளவுஸ் துணி தேடிக் கடை கடையாக அலைந்தவர்களுக்கு இது புரியும். தனியாகப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. 30 பேர் வட்டமாக நிற்கும்போது ஒருவர் மட்டும் 'பளிச்' என்று தெரிவார்.

அதனால்தான் அனுபவம் உள்ள பேண்டுகள் முதல் ஆர்டரிலேயே ஐந்தாறு கில்ட்டுக்கான துணியைக் கூடுதலாக எடுத்து, தைக்காமல் பத்திரப்படுத்துகின்றன. எந்த ஆலை, எந்தச் சாயல், என்ன எடை என்பதையும் எழுதி வைக்கின்றன.

மடிசார் 9 கஜம், கில்ட் 8 கஜம்

முறையான ஆண்கள் கில்ட்டுக்கு 8 கஜம் துணி என்பது கணக்கு. இன்றைய ஆலைத் துணி இரட்டை அகலத்தில் வருவதால், 4 கஜம் வாங்கி நீளவாக்கில் இரண்டாக வெட்டி இணைத்துவிடுவார்கள். இவ்வளவு துணியும் போவது பின்பக்கக் கொசுவத்துக்குத்தான். முன்பக்கம் தட்டையாக இருக்கும்.

கொசுவம் வைப்பதிலும் இரண்டு முறை. மடித்த பிறகும் பின்னால் அதே கட்டங்கள் அப்படியே தெரியும்படி மடிப்பது ஒன்று. ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோடு வரும்படி மடிப்பது இன்னொன்று. இரண்டாவது ராணுவ வழக்கம். நடக்கும்போது வரிசை வரிசையாகக் கோடுகள் அசையும். எதை எடுத்தாலும் 30 கில்ட்டிலும் அதே முறை இருக்க வேண்டும். தையல்காரரிடம் இதை எழுத்தில் தர வேண்டும்.

அடுத்து, எடை. கில்ட் துணியை அவுன்ஸ் கணக்கில் சொல்வார்கள். 16 அவுன்ஸ் என்றால் கனமான கம்பளி. கஜத்துக்குச் சுமார் 450 கிராம். முழு கில்ட் ஏறக்குறைய 2 கிலோ வரும். 13 அவுன்ஸ் நடுத்தரம். அதற்கும் கீழே பாலியஸ்டர் - விஸ்கோஸ் கலப்புத் துணி. விலை குறைவு, வாஷிங் மெஷினில் போடலாம்.

'லைட்டா இருந்தா நல்லதுதானே?' என்று கேட்கலாம். கனமான கம்பளிக்கு இரண்டு பலன்கள். கொசுவம் கலையாது, காற்றடித்தால் தூக்காது. திறந்தவெளியில் இரண்டு கையும் பைப்பைப் பிடித்திருக்கும் ஒருவருக்கு இது சாதாரண விஷயம் இல்லை! ஆனால், வெயில் ஊரில் ஒரு பேண்டு 16 அவுன்ஸ் எடுத்தால் கோடை ஊர்வலத்தில் ஆட்கள் மயங்கி விழும் அபாயம் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி எளிது: வருடத்தில் எத்தனை நாள் மழையில் நிற்போம், எத்தனை நாள் வெயிலில் நிற்போம்?

ஜீன்ஸ் சைஸைச் சொன்னால் காலி

சீருடை ஆர்டரில் அடிக்கடி நடக்கும் தவறு இது. "இடுப்பு என்ன சைஸ்?" என்று வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டால், எல்லோரும் ஜீன்ஸ் சைஸைப் போட்டுவிடுவார்கள். ஜீன்ஸ் நிற்பது இடுப்பெலும்பு மேல். கில்ட் நிற்பது அதற்கும் மேலே, தொப்புள் உயரத்தில். இரண்டு அளவும் ஒன்றல்ல.

ஒரே ஆள் டேப்பை எடுத்து எல்லோருக்கும் இடுப்பு, சீட், நீளம் மூன்றையும் அளப்பதுதான் பாதுகாப்பு. நீளம் முழங்கால் சில்லின் நடுவிலோ மேல்முனையிலோ முடிய வேண்டும். கில்ட்டின் கீழ்விளிம்பை மடித்துத் தைப்பதில்லை. துணியின் கரையே விளிம்பு. அதனால் பின்னால் 'கொஞ்சம் இறக்கி'த் தருவது நடக்காது. அகலத்தில் மட்டும் வாரையும் பக்கிளையும் நகர்த்திக் கொஞ்சம் சமாளிக்கலாம்.

பெண்களுக்கு இடுப்புக்கும் சீட்டுக்கும் உள்ள வித்தியாசம் அதிகம். ஆண்கள் அளவில் தைத்த கில்ட்டை 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்று கொடுத்தால் கொசுவம் விரிந்துவிடும். ஆண், பெண், பதின்வயதினர் எல்லோரும் கலந்து நிற்கும் பேண்டுகளில் இதை முதலிலேயே யோசித்தாக வேண்டும்.

மேலே போடுவது: வாசிக்கக் கை வேண்டுமே!

பைப்பர் பெரும்பாலும் இடது அக்குளில் பையை வைத்து, முழங்கையால் அழுத்திக்கொண்டே வாசிக்கிறார். அங்கே கோட் இறுக்கினால் காற்றழுத்தம் சீராக இருக்காது, சுருதி ஆடும். நீளமான குழல்கள் சாய்வதும் இடது தோளில்தான். டார்டன் போர்வையை ப்ரூச் வைத்துக் குத்துவதும் அதே தோளில்! ஒன்றோடு ஒன்று இடிக்கும்.

டிரம்காரர்களுக்கு வேறு பிரச்சினை. சைட் டிரம் தொங்கும் தாங்கி, மார்பு முழுக்கக் கவசம் மாதிரி உட்காரும். இடுப்புக்கு முன்னால் தொங்கும் ஸ்போரான் டிரம்மில் இடிக்கும்; அதனால் அதைப் பக்கவாட்டில் தள்ளிக்கொள்வார்கள். டெனர் டிரம்காரர்கள் குச்சியைத் தலைக்கு மேல் சுழற்றுவார்கள். வேஸ்ட்கோட் குட்டையாக இருந்தால், கை தூக்கும் ஒவ்வொரு முறையும் சட்டை வெளியே எட்டிப் பார்க்கும்.

இதற்கு ஒரு நல்ல வழி உண்டு. மொத்த ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு மாதிரி உடையை வாங்கி, ஒரு பைப்பர், ஒரு சைட் டிரம்காரர், ஒரு டெனர் டிரம்காரர் ஆகிய மூன்று பேரும் போட்டுப் பார்த்து, முழுப் பயிற்சியும் வாசிக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று பார்த்தால் இதெல்லாம் தெரியாது.

மழைக்கு? கிளாஸ்கோவில் ஆகஸ்ட் என்றாலும் குடை இல்லாமல் போக முடியாது. பைப்பர்களுக்குக் கைவைத்த ரெயின்கோட்டைவிட, கை இல்லாத 'கேப்' வசதி. உள்ளே பைப்பை வைத்துக்கொண்டே வாசிக்கலாம். பட்ஜெட்டில் பலரும் மறக்கும் ஐட்டம் இதுதான்.

சின்ன ஐட்டம், பெரிய தலைவலி

*ஸ்போரான்:* சீல் தோலில் செய்தது அழகாக இருக்கும். ஆனால், 1972-ஆம் ஆண்டின் கடல் பாலூட்டிகள் பாதுகாப்புச் சட்டத்தால் சீல் பொருட்களை அமெரிக்காவுக்குள் கொண்டுபோவதில் சிக்கல். ஐரோப்பிய ஒன்றியமும் 2009-ல் சீல் பொருள் வணிகத்துக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. வெளிநாடு போகும் ஆசை இருந்தால் மாட்டுத்தோல் ஸ்போரானே நிம்மதி. ஒரு காலத்தில் பேஸ் டிரம்காரர்கள் சிறுத்தைத் தோல் அணிவது வழக்கம். இப்போது செயற்கைத் துணி வந்துவிட்டது.

*ஸ்கீயன் டூ:* சாக்ஸில் செருகும் குட்டிக் கத்தி. பிரிட்டனில் தேசிய உடையின் பகுதியாக அணிய சட்டம் இடம் தருகிறது. விமானத்தில் கைப்பையில் வைத்தால் பிடிபடும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள பேண்டில் இதைத் தவிர்ப்பதே நல்லது.

*தொப்பிச் சின்னம்:* ராணுவப் படைப்பிரிவின் சின்னத்தை அனுமதி இல்லாமல் வைக்கக் கூடாது. ஸ்காட்லாந்தில் மரபுச் சின்னங்களுக்கென்று லார்ட் லயன் என்ற அதிகாரியும் தனி நீதிமன்றமும் உண்டு. இன்னொருவரின் சின்னத்தைப் பேண்டு லோகோவாக வைத்தால் சட்டச் சிக்கல் வரும்.

*ஷூ:* நீள லேஸை கணுக்காலில் சுற்றிக் கட்டும் 'கிலி புரோக்' ஷூ போட்டோவில் ஜோர். ஈரப் புல்லில் மூன்று மணி நேரம் நடந்தால் லேஸ் அவிழும்.

கணக்கு என்ன சொல்கிறது?

கையால் தைத்த கம்பளி கில்ட் ஒன்று பல நூறு பவுண்டு வரும். கணக்குக்காக 500 பவுண்டு என்று வைப்போம். 30 பேருக்கு 15,000 பவுண்டு. நம் ரூபாயில் 15 லட்சத்துக்கும் மேல். இது கில்ட்டுக்கு மட்டும். ஷூ, சாக்ஸ், ஸ்போரான், வேஸ்ட்கோட், தொப்பி, மழை கேப் எல்லாம் தனி.

செலவைக் குறைக்க, ஸ்போரான், பெல்ட், ப்ரூச் போன்றவற்றை பாகிஸ்தானின் சியால்கோட்டில் இருந்து பல பேண்டுகள் வரவழைக்கின்றன. பேக்பைப் தயாரிப்புக்கும் பெயர்பெற்ற நகரம் அது. எங்கே வாங்கினாலும், பணத்தை எங்கே போடுவது என்பதில் ஒரு வரிசை இருக்கிறது. கில்ட் நன்றாகப் பராமரித்தால் 20 வருடமும் தாங்கும். அதில் கஞ்சத்தனம் வேண்டாம். சாக்ஸ், டை, சட்டை எப்படியும் மாற்றப்போகிறோம்; அங்கே மிச்சம் பிடிக்கலாம்.

பணத்தை யார் போடுவது என்பது அடுத்த கேள்வி. உறுப்பினர்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சொன்னால், வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் சத்தமில்லாமல் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். பேண்டே வாங்கி, எண் போட்டு, கையெழுத்து வாங்கிக் கொடுத்தால், ஒருவர் விலகும்போது கில்ட் அலமாரிக்குத் திரும்பும், அடுத்தவருக்குப் போகும்.

கில்ட் இல்லாமலும் முடியுமா?

முடியும். ஜனவரி 29-ல் டெல்லியில் நடக்கும் பீட்டிங் ரிட்ரீட் நிகழ்ச்சியைப் பார்த்திருப்பீர்கள். நம் ராணுவ பைப் பேண்டுகள் பேண்ட் அணிந்து, தலைப்பாகையோடு, தோளில் டார்டன் துணியோடு வாசிக்கின்றன. ஐரிஷ் பைப்பர்கள் பலர் கட்டமே இல்லாத காவி நிற கில்ட் அணிகிறார்கள். பிரான்ஸின் பிரிட்டனி பகுதியில், ஸ்காட்டிஷ் பேண்டைப் பார்த்து உருவான 'பகாட்' குழுக்கள் தங்கள் ஊர் பாணி உடையிலேயே வாசிக்கின்றன. ஆனால், ஸ்காட்டிஷ் சங்கத்தின் போட்டிகளுக்குப் போவதாக இருந்தால், அங்குள்ள உடை விதியை முதலில் படித்துவிட வேண்டும்.

நம் கற்பனை பேண்டுக்கே திரும்புவோம். மூன்று வருடம் ஓடிவிட்டது. 14 வயதுப் பெண் ஒருத்தி பயிற்சி முடித்து, முதல் ஊர்வலத்துக்குத் தயாராக நிற்கிறாள். அலமாரியைத் திறந்தால் அவள் அளவுக்கு ஒரு கில்ட் இருக்கிறதா? இல்லை என்றால், அதே நிறத்தில் தைக்கத் துணி மிச்சம் இருக்கிறதா? இரண்டும் இல்லாவிட்டால், வாசிக்கத் தெரிந்தும் அவள் ஓரமாக நின்று வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

துணிக்கடையில் 'இது அழகா, அது அழகா' என்று வாக்கெடுப்பு நடத்துவதற்கு முன் ஒரு பேண்டு கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அதுதான்: இனிமேல் சேரப்போகிறவருக்கும் இதே சீருடையைக் கொடுக்க முடியுமா? 'முடியும்' என்று பதில் வந்தால், பிளாக் வாட்ச்சோ ராயல் ஸ்டூவர்ட்டோ, எதை எடுத்தாலும் நல்ல தேர்வுதான்.